நெக்லிஜன்ஸ் என்ற சொல்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம், "உங்கள் தொழிலிலிருந்து ஏதாவது பேசுங்கள், ஆனால் சட்டம் பேச வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். மீன்காரியிடம் மீனைத் தவிர வேறு எதையாவது விற்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஆகவே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாமென்று தீர்மானித்தேன். அது ஓர் ஆங்கிலச் சொல்: நெக்லிஜன்ஸ். விபத்து வழக்குகளும் வைத்தியசாலை வழக்குகளும் நடத்திய எனக்கு முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக அடுப்பு எரிந்ததே இந்தச் சொல்லால்தான். தமிழில் நாங்கள் இதைக் 'கவனயீனம்' என்று எழுதுகின்றோம். சட்டக் கலைச்சொல் அகராதியிலும் அப்படித்தான், பொலிஸ் முறைப்பாட்டிலும் அப்படித்தான், பத்திரிகையிலும் அப்படித்தான். அந்த மொழிபெயர்ப்பு பாதிதான் சரி என்பதும், விடுபட்டுப்போன மறுபாதியால் எங்கள் சனங்கள் நட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் இந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் கேட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். இங்கு எங்களுக்குக் கிடைத்தது நெக்லிஜன்ஸ் அல்ல, 'கெயார்லெஸ்'. கணக்குக் கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதப்படும் சொல். சயக் குறியை விட்டுவிட்டால் கெயார்லெஸ். விடையில் சதமீற்றரை எழுத மறந்தால் கெயார்லெஸ். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையில் அதுவே தமிழாகிக் 'கவனயீனம்' என்று வரும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசிப்பார். இந்த மண்டபத்தில் அந்தச் சொல்லை வாங்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் எங்களுக்குத் தலைமை மாணவிகளாக இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'கெயார்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பொருள் துக்கம், மனக்கவலை. கவனிப்பு, பராமரிப்பு என்ற பொருளெல்லாம் பின்னால் வந்தவை. கவலை இருக்கிறவன்தானே கவனிப்பான் என்ற வழியில் வந்திருக்க வேண்டும். ஆகவே கெயார்லெஸ் என்றால் ஆதியில் கவலையில்லாதவன். குற்றச்சாட்டே இல்லை! பறவையைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் ஆசையோடு சொல்லக்கூடிய சொல். இதைவிட வேடிக்கை, லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'செக்கியூர்' என்ற சொல். பாதுகாப்பு என்ற பொருளில் இன்று வங்கிக்காரர் முதல் வாசற்காவலாளிவரை எல்லோரும் பாவிக்கும் இந்தச் சொல்லும் 'கவலையின்றி' என்றுதான் பிரியும். அதாவது கட்டமைப்பில் செக்கியூரும் கெயார்லெஸும் ஒன்றே. கவலையில்லாமல் இருப்பவன் பாதுகாப்பாகவும் இருக்கலாம், அசட்டையாகவும் இருக்கலாம். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே முகம். ('சினெக்கியூர்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கடமை ஏதுமின்றிச் சம்பளம் மட்டும் வாங்கும் பதவி. எங்கள் நாட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படாது.)

திருவள்ளுவர் இந்த இடத்தை எங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார். பொருட்பாலில் ஐம்பத்து நான்காவது அதிகாரம் பொச்சாவாமை. உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். பொச்சாப்பு என்றால் மறதி. கடமையை மறந்து சோர்ந்திருத்தல். அது எங்கிருந்து வருகிறது என்று வள்ளுவர் முதற் குறளிலேயே சொல்லிவிடுகிறார்: மகிழ்ச்சியிலிருந்து. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்ற களிப்பில் வரும் மறதி, அளவு கடந்த கோபத்தைவிடத் தீங்கானது என்கிறார். இந்த அதிகாரத்தை அவர் செங்கோன்மைக்கு நேர் முன்னால் வைத்திருக்கிறார். அதாவது இது கணக்குக் கொப்பியில் குறி விடுபட்ட பிள்ளைக்கான அதிகாரமல்ல; ஆளுகிறவனுக்கான அதிகாரம். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நெக்லிஜன்ஸுக்கு வருவோம். இதுவும் லத்தீன். 'லெகெரே' என்ற வினைச்சொல்லுக்குப் பொறுக்குதல், சேர்த்தெடுத்தல், தெரிந்தெடுத்தல், வாசித்தல் என்று பல பொருள்கள். அதன் முன்னால் எதிர்மறை சேர்ந்தது நெக்லிஜன்ஸ். பொறுக்கி எடுக்காமல் விடுவது. அரிசி கிள்ளும்போது கல்லும் நெல்லும் கண்ணில் பட்டும் எடுக்காமல் விடுவதைப் போல. கவனம் என்ற கருத்தே அதில் இல்லை. கண்டதா காணாததா என்று அந்தச் சொல் கேட்கவில்லை. எடுக்க வேண்டியதை எடுத்தாயா என்றுதான் கேட்கிறது.

தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அலட்சியம், அசிரத்தை, அசட்டை, அசண்டையீனம், பராமுகம், ஏனோதானோ. ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பைத் தொடுகிறது. அலட்சியம் குறியில்லாத தன்மை. அசிரத்தை மனம் ஈடுபடாத தன்மை. 'அவன் என்னைச் சட்டை செய்யேல்லை' என்று வீட்டில் சொல்லுவோமே, அந்தச் சட்டையின் எதிர்மறைதான் அசட்டை. உடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பராமுகம் என்பது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வது. எனக்கு இதில் தனி மதிப்புண்டு, ஏனென்றால் முகத்தைத் திருப்புவதற்கு எதிரில் ஒருவர் நின்றாக வேண்டும். ஆனால் லத்தீன் சொல்லுக்கு மிகக் கிட்ட வருவது நாங்கள் இதற்குப் பாவிக்காத ஒரு சொல்: புறக்கணிப்பு. கணித்தல் என்றால் எண்ணுதல், மதித்தல். புறக்கணித்தல் என்றால் எண்ணுகிற கணக்குக்குப் புறத்தே விடுவது. பொறுக்காமல் விடுவதும் கணக்குக்கு வெளியே விடுவதும் ஒரே செயல். எங்களிடம் இருந்த இந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டுக் கவனத்தையும் ஈனத்தையும் சேர்த்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். கவனம் குறைந்துவிட்டதாம். யாருக்கும் நிகழக்கூடிய ஒரு சோர்வு போல, தலையிடி போல.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். நான் கனிட்ட சட்டத்தரணியாக இருந்த காலத்தில் கொழும்பில் ஒரு வழக்கு. இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதற்குப் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. தரிப்பிடத்தில் நின்ற ஒருவரை இரண்டாவது பஸ் அடித்தது. அவர் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர். மூன்று பிள்ளைகள். மனைவியும் பக்கத்தில் நின்று கண்டவர். அவர் சாட்சிக்கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் ஆங்கிலத்தில் கேட்டதை நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் இப்படித் தமிழாக்கினார்: "சாரதி கவனயீனமாக ஓட்டினார் என்று உம்மால் சொல்ல முடியுமா?" அந்த அம்மா சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "கவனமாத்தாங்க ஓட்டுனாரு. முன்னால போன பஸ்ஸ விட்டு கண்ண எடுக்கலீங்க."

உரைபெயர்ப்பாளர் முதல் வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். சாரதி கவனமாக ஓட்டியதாகச் சாட்சி கூறுகிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி புன்னகையோடு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? கணவனை இழந்த பெண்ணே எதிரிக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, பயத்தில் உளறவுமில்லை. அவர் மிகச் சரியாகச் சொன்னார். அந்தச் சாரதியிடம் கவனத்துக்குக் குறைவே இருக்கவில்லை. இமை கொட்டாத கவனம்! அத்தனையும் முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்தது. தரிப்பிடத்தில் நின்ற மனிதர் அவருடைய கணக்கில் இல்லை. கவனயீனம் என்ற சொல்லால் கேட்டால் விடை 'இல்லை'. நெக்லிஜன்ஸ் என்ற சொல்லின் உண்மைப் பொருளால் கேட்டால் விடை 'ஆம், ஆம்' என்று இரண்டு தரம். என் மூத்த சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியும். மீள் விசாரணையில் அவர் எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அம்மா, அவர் யாரைக் கவனித்து ஓட்டினார்?" அந்த அம்மா அழுதுகொண்டு சொன்ன பதில் முழுவதும் பதிவேட்டில் ஏறியது. நட்டஈடு கிடைத்தது. தமிழ் தெரியாத ஒருவர் அந்த வழக்கை நடத்தியிருந்தால் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

'யாரை' என்ற அந்தக் கேள்விதான் ஆங்கிலச் சட்டத்தில் இந்தச் சொல்லின் உயிர். அது அங்கேயும் எளிதாக வந்துவிடவில்லை. ஒரு பெண் கொண்டுவந்தாள் என்பதால் அந்தக் கதையை இங்கு சொல்லாமல் விட முடியாது. சட்டம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; உங்களுக்கு இது முதல் வருடப் பாடம்.

1928 ஓகஸ்ட் 26. ஸ்கொட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டொனஹியூ என்ற பெண் சிநேகிதி ஒருத்தியோடு ஒரு தேநீர்க்கடைக்குப் போகிறாள். சிநேகிதி காசு கொடுத்து அவளுக்கு ஐஸ்கிறீமும் ஜிஞ்சர் பியரும் வாங்கிக் கொடுக்கிறாள். விளையாட்டுப் போட்டி நாட்களில் நாங்கள் வாங்கிக் குடித்த அதே ஜிஞ்சர் பியர்தான். போத்தல் கருங்கபில நிறம், உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்தபின் மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது அவள் முறைப்பாடு. அவள் நோயில் விழுந்தாள். வழக்குப் போட வேண்டும், யார்மேல் போடுவது? போத்தலை வாங்கியவள் சிநேகிதி. கடைக்காரரோடு உடன்படிக்கை இருந்தது சிநேகிதிக்கு. நோயில் விழுந்தவளுக்கு யாரோடும் எந்த உடன்படிக்கையும் இல்லை. அன்றைய சட்டத்தின்படி பொதுவாக அத்தோடு கதை முடிந்தது. அவள் பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன்மேல் வழக்குத் தொடுத்தாள். வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபைவரை போனது. அங்கே மேன்முறையீடு செய்யப் பணமில்லாமல், உடுத்த உடுப்பைத் தவிர ஐந்து பவுண் பெறுமதிகூடத் தன்னிடம் இல்லையென்று சத்தியக் கடதாசி கொடுத்தாள்.

1932 மே 26ஆந் திகதி ஐந்து பிரபுக்களில் மூவர் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இருவர் மறுத்தார்கள். ஒருவர் மாறியிருந்தால் சட்டம் மாறியிருக்காது. பெரும்பான்மையில் ஒருவரான அட்கின் பிரபு கேட்ட கேள்வி பைபிள் படித்த எவருக்கும் பழக்கமானது: எனக்கு அயலவன் யார்? அவர் சொன்ன விடையின் சாரம் இதுதான். என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ, செயலைச் செய்யும்போது நான் நியாயமாக மனதில் வைத்திருக்க வேண்டியவர் எவரோ, அவரே என் அயலவர். அவரை நான் அறிந்திருக்க வேண்டியதில்லை. அவர் எனக்குக் காசு தந்திருக்க வேண்டியதில்லை. போத்தலை மூடும் ஒருவன் அதை எங்கோ ஓர் ஊரில் திறக்கப்போகும் முகந்தெரியாத பெண்ணுக்குக் கடமைப்பட்டவன்.

அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. கடமை உண்டா என்ற கேள்விக்கு மட்டும்தான் விடை சொல்லப்பட்டது. சாட்சி விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்துபோக, வழக்கு வெளியே தீர்க்கப்பட்டது. உலகத்தின் பல நாடுகளில் சட்டத்தைத் திருப்பிய நத்தைக்கு இருந்ததற்கான அத்தாட்சியே இல்லை என்பதை எண்ணி நான் சட்டக் கல்லூரியில் சிரித்திருக்கிறேன். டொனஹியூவை எண்ணி இப்போது சிரிப்பு வருவதில்லை.

எங்கள் நாட்டுச் சட்டத்தின் அத்திவாரம் இங்கிலாந்துச் சட்டமல்ல, ரோமன்-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்தது, 1799இல் பிரித்தானியர் பிரகடனம் செய்து அதைத் தொடர விட்டார்கள். நட்டஈட்டு வழக்குக்கு மூலம் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு ரோமச் சட்டம் ஒன்று. பிறருடைய அடிமையையும் கால்நடையையும் கொன்றவன் கட்ட வேண்டிய தொகையில் தொடங்கியது. அந்த வரலாற்றுக்குள் உங்களை இழுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருவர் போதிய கவனம் எடுத்தாரா என்று அளக்க ரோமர் வைத்திருந்த அளவுகோல் 'நல்ல குடும்பத் தலைவன்'. அவன் இந்த நிலையில் என்ன செய்திருப்பான் என்று கேட்பார்கள். ஆங்கிலேயர் அதற்குப் பதிலாகக் கிளப்பம் பஸ்ஸில் போகும் சாதாரண மனிதனை வைத்தார்கள். அவனும் ஆண்தான். எங்கள் வீடுகளில் அடுப்பில் பால் பொங்குவதையும் கிணற்றடியில் பிள்ளை நிற்பதையும் மழைக்கு முன் கொடியில் உடுப்பு இருப்பதையும் ஒரே நேரத்தில் கணக்கில் வைத்திருந்தவர் யாரென்று இந்தச் சபையில் வாக்கெடுத்தால், ரோமருடைய அளவுகோல் எத்தனை வாக்குப் பெறும்?

இந்தச் சொல்லால் ஆகாத காரியமும் உண்டு. வைத்தியசாலையில் உறவை இழந்து என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருப்பது அதுவே. பிழை நடந்ததென்று காட்டினால் போதாது. அந்தப் பிழையால்தான் தீங்கு வந்தது என்றும் காட்ட வேண்டும். நோயுற்ற ஒரு பிள்ளையின் மரணம் பற்றிய வழக்கு மூன்று நீதிமன்றங்களைக் கடந்து 2001இல் எங்கள் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா நட்டஈடு விதித்திருந்தது. உயர் நீதிமன்றம் வைத்தியரிடத்தில் நெக்லிஜன்ஸ் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நோய் அத்தகையது. உரிய நேரத்தில் கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நட்டஈட்டை நீக்கியது. சட்டப்படி அந்தத் தர்க்கத்தை என்னால் விளங்கப்படுத்த முடியும். ஒரு தகப்பனுக்கு விளங்கப்படுத்துவது வேறு காரியம். 'பிழை உண்டு, பலன் இல்லை' என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அது தொண்டையில் நிற்கும்.

குற்றவியல் பக்கம் ஒரு வார்த்தை. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, துணிச்சலான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பதை ஐந்து வருடம்வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. ஆங்கிலத்தில் அங்கு 'ராஷ்' என்றும் 'நெக்லிஜன்ட்' என்றும் இரண்டு சொற்கள் நிற்கின்றன. ஆபத்தைக் கண்டும் வருவது வரட்டும் என்று பாய்பவன் ராஷ். காண வேண்டியதைக் காணாமலே விட்டவன் நெக்லிஜன்ட். எங்கள் பொலிஸ் முறைப்பாடுகளில் இரண்டும் ஒரு கவனயீனத்துக்குள் அடங்கிப்போகும். மதுபோதையில் வந்தவனும் கவனயீனம், பின்கண்ணாடி பார்க்காமல் திருப்பியவனும் கவனயீனம்.

இனி, வள்ளுவர் அந்த அதிகாரத்தை வைத்த இடத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை ஏப்ரல் 4ஆந் திகதியே இந்தியாவிலிருந்து கிடைத்திருந்தது. பதினேழு நாட்கள். பாதிக்கப்பட்டவர்கள் உட்படப் பலர் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். 2023 சனவரி 12ஆந் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் ஏழரைக் கோடி வீதமும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஐந்து கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்தவர் ஒரு கோடியும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. அவர்களில் எவரும் குண்டு வைத்தவர் அல்லர். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கே அந்தக் கட்டளை.

அடுத்த நாள் தமிழ்ச் செய்திகளில் சில இடங்களில் 'கவனயீனம்' என்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. சயக் குறியை விட்ட பிள்ளைக்கும் எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டிருந்த அதிகாரிக்கும் ஒரே சொல்லா? இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பத்திரிகைத் தமிழில் 'கவனயீனம் காரணமாக விபத்து நிகழ்ந்தது', 'அதிகாரிகளின் கவனயீனத்தால் வெள்ளம் புகுந்தது' என்றுதான் வசனம் அமையும். கவனயீனம் எழுவாயாகிவிடுகிறது, மனிதர் பின்னால் மறைந்துவிடுகிறார். யாரை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பது வசனத்தில் எங்குமே இல்லை. 'தரிப்பிடத்தில் நின்றவர்களைச் சாரதி சட்டை செய்யவில்லை' என்று எழுதிப் பாருங்கள். 'வான்கதவு திறக்கப்படும் என்பதைக் கீழே குடியிருந்தவர்களுக்கு எவரும் சொல்லவில்லை' என்று எழுதிப் பாருங்கள். கலைச்சொல்லே இல்லாமல் முழு நெக்லிஜன்ஸும் வந்துவிடும். முறைப்பாடு எழுதப் போகிறவர்களுக்கு நான் இலவசமாகச் சொல்லும் ஆலோசனை இதுதான்: கவனயீனம் என்ற சொல்லை எழுதாதீர்கள். என்ன செய்திருக்க வேண்டும், யாருக்குச் செய்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை என்பதை எழுதுங்கள். பெயர் வைப்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

நேரம் முடிகிறதென்று தலைவி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு சொல் பாக்கி. நெக்லிஜன்ஸோடு கூடப் பிறந்த 'நெக்லெக்ட்'. (அதே குடும்பத்தில் 'நெக்லிஜே' என்றொரு இரவு உடையும் உண்டு. அதிபர் முன்னிலையில் அதை விளக்காமல் விடுகிறேன்.) வெளிநாட்டுக் கிளைகளில் பலர் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறீர்கள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் வழிகாட்டலில் அடித்தல், பணம் பறித்தல் முதலிய துன்புறுத்தல்களின் வரிசையிலேயே நெக்லெக்டும் இருப்பது உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். இலங்கையிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே நெக்லெக்ட் செய்யலாகாது என்கிறது. பார்த்தீர்களா, 'வேண்டுமென்றே'! கவனயீனம் எப்படி வேண்டுமென்று வரும்? இங்கே கவனயீனம் என்று மொழிபெயர்க்கவே முடியாது. புறக்கணிப்பு என்றுதான் வர வேண்டும்.

பணம் அனுப்புவது பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அதில்லாமல் இந்த ஊரில் பல வீடுகளில் மருந்து வாங்க முடியாது. வீட்டு முகப்பில் கமெரா பூட்டியிருக்கிறார்கள், ரொறன்ரோவிலிருந்து அம்மா முற்றம் கூட்டுவதைப் பார்க்கிறார்கள். கவனம் நிறைய இருக்கிறது. ஆனால் என்னிடம் உயில் எழுத வரும் அம்மாமார் வேலை முடிந்தும் எழும்ப மாட்டார்கள். தேத்தண்ணீர் குடித்தபின்னும் இருப்பார்கள். ஒருவர் சொன்னார்: "பிள்ளை, கமெராவுக்குக் கதைக்கத் தெரியாதே."

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எமது சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. தனியே வசிப்பவர்கள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் பணம் போகிறது. பொருளாளரின் கணக்கில் ஒரு சதம் பிசகில்லை, அதற்கு அவருக்கு எங்கள் நன்றி. அதே பட்டியலில் கடைசி நிரலுக்குத் தலைப்பு 'நேரில் சென்று பார்த்தவர்'. கடந்த ஆண்டுக்கான தாளை நேற்றுச் செயலாளரிடம் வாங்கிப் பார்த்தேன். பதினான்கு பெயர்களுக்கு எதிரே அந்த நிரல் வெறுமையாக இருக்கிறது. அவர்களில் ஒருவர், மேலே நான் சொன்ன சிவப்பு மைக்குச் சொந்தக்காரி. தொண்ணூற்றொரு வயது, கண் தெரிவதில்லை, யாராவது பத்திரிகை வாசித்துக் காட்டினால் போதும் என்றிருக்கிறார். வீடு இந்த வாசலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இந்த ஆண்டுக்கான தாள் வரவேற்பு மேசையில் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விமானம் ஏறுகிறவர்களுக்கும் நாளை ஒரு நாள் முழுதாக இருக்கிறது. சிவப்பு மைக்காரியின் பெயருக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமைகளை நான் எழுதிவிட்டேன். மற்ற ஆறு நாட்களும் காலியாக இருக்கின்றன.